அரை டாக்டர் பார்த்த படர்தாமரை

மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் நின்றால் கால் வீங்கும். சிலருக்குத் தலையும் வீங்கும். நம்ம ஆளுக்கு இரண்டும் வீங்கியிருந்தது.

கடை முதலாளியுடையது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழும் முதலாளியுடையதுதான். ஆனால் முதலாளி உள்ளறையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து பேப்பர் படிப்பதோடு சரி. முன்னால் நின்று ஊரின் வயிற்றுக்கடுப்பையும் தலைவலியையும் வாங்கிக்கொள்வது இவர். "ரெண்டு நாளா வயித்தப் பெரட்டுதுங்க" என்று வாசலில் ஒருவர் ஆரம்பித்தால், அவர் படியேறி வருவதற்குள் இவர் கை அலமாரிக்குப் போயிருக்கும். நோயாளியை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட்டதாகச் சரித்திரம் இல்லை. அட்டையை எடுப்பார், கத்தரியால் மூன்று மாத்திரைக்கு ஒரு வெட்டு, கவரில் போட்டு நீட்டுவார். கூடவே ஓர் அருள்வாக்கு: "சரியாயிட்டா நிறுத்திடுங்க."

தெருவில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர். வைத்தவர்கள் 'அரை'யை நன்றாக அழுத்தித்தான் சொன்னார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார், மீதி அரை எப்போதாவது வந்து சேரும் என்ற நம்பிக்கையில். அவர் கையெழுத்து இயல்பிலேயே முத்துமுத்தாக இருக்கும். கடையில் மட்டும், கவரின் மேல் வேளையைக் குறிக்கும்போது, வேண்டுமென்றே கோணல்மாணலாகக் கிறுக்குவார். இதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். வீட்டில் பழகிப் பார்த்ததாகவும் சொன்னார்.

வீட்டில் மனைவி, அவர், ஒரு நாய். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். நாய்க்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் கேட்டருகே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்ததால் மனைவி வைத்த பெயர். பழுப்பு நிறம், குட்டை முடி, ஐந்து வயது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அரை டாக்டர் அன்றைய கேஸ்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். மனைவி இரண்டாவது கேஸில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மேனேஜர் கடைசி கேஸ் வரை இருக்கும். அவருக்கு அந்த நாய்மேல் உயிர்.

நான்கு மாதத்துக்கு முன்னால் மேனேஜருக்கு வயிற்றில் பொரிப்பொரியாக வந்தது. சிலதில் மஞ்சளாக ஒரு முனை. இரண்டு மூன்று நாளில் அவை உடைந்து, வட்டவட்டமாகத் தோல் உரிந்து, நடுவில் முடி கொட்டி, முதுகெல்லாம் பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிட்டது. பின்னங்காலால் விடாமல் சொறிந்துகொண்டே இருந்தது. அரை டாக்டர் நாயைப் புரட்டிப் பார்த்தார். வட்டமாக இருந்தது. அவருக்கு அது போதும்.

"படர்தாமரை" என்றார். "இது ஒட்டுவாரொட்டி. மனுஷங்களுக்கும் பரவும். நீ தொடாத."

"நாய் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமே" என்றாள் மனைவி.

அவர் இரண்டு நாள் பேசாமல் சாப்பிட்டார்.

கடையில் ஒரு கிரீம் உண்டு. நாலைந்து மருந்தை ஒன்றாகக் கலந்தது. தெருவில் பாதிப் பேருக்கு அவர் அதைத்தான் கொடுத்திருந்தார், எந்தப் பாதிக்கு என்ன வியாதி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அதைப் பூசினார். மூன்றே நாளில் சொறிவது நின்றது, சிவப்பு இறங்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னார். எதிரே பஞ்சர் கடைக்காரரிடமும் சொன்னார், அவர் கேட்காமலேயே. இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகத் திரும்பி வந்தது.

சரி, உள்ளுக்கும் கொடுக்கலாம் என்று மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியாக உடைத்து ஐந்து நாள் கொடுத்தார். பாதி ஏன் என்று கேட்டால், நாய் மனிதனில் பாதி என்று ஒரு கணக்கு. மேனேஜரை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குணமானது. நிறுத்தினார். திரும்ப வந்தது. இன்னொரு ஐந்து நாள், அப்புறம் ஒரு மூன்று நாள், அப்புறம் வேறு நிறத்தில் இன்னொரு மாத்திரை. ஆக மாத்திரையில் மட்டும் நான்கு தடவை வியாதி குணமானது. நான்கு தடவையும் அவர் தெருவில் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் போன் செய்தாள். மூன்று மாதக் குழந்தையோடு அடுத்த மாசம் வருகிறேன், ஒரு மாசம் இருப்பேன் என்றாள். மனைவி போனை வைத்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"படர்தாமரைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"ஒட்டும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப கைக்குழந்தை வர்ற வீட்ல இத எப்படி வெச்சுக்கறது? எங்க அண்ணன் மரவாடில விட்டுடலாம். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழம காலைல பதினோரு மணிக்கு லாரிய அனுப்பச் சொல்றேன்."

மைத்துனருடைய மரவாடி ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே ஏற்கனவே இரண்டு நாய்கள் மரக்கட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தன. அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர்கூட அங்கே யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் தீர்ப்பு எழுதியது அவர். மனைவி நிறைவேற்றத்தான் வந்திருந்தாள்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. மேனேஜரைக் கூட்டிக்கொண்டு நான்கு தெரு தள்ளியிருந்த கால்நடை மருத்துவரிடம் போனார். பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று அவரைத் தாண்டிப் போனார்.

ஷட்டர் போட்ட சின்ன இடம். எஃகு மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, மூலையில் ஒரு மைக்ராஸ்கோப். டாக்டர் ஒரு பெண், மகளை விட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். அரை டாக்டர் தொழில்முறையில் ஆரம்பித்தார்.

"படர்தாமரைதான் டாக்டர். மருந்து மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"அப்படியா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மேனேஜரைத் தராசில் ஏற்றினாள். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தாள். முதலில் அரிப்பு வந்ததா, பொரி வந்ததா என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. வாலுக்கு மேலே முடியை விலக்கி, அங்கே கிடந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டித் தேய்த்தாள். காகிதம் செம்பழுப்பாக ஆனது.

"அது மண்ணு டாக்டர். தெனம் பெருக்கிட்டுதான் இருக்கேன்."

"மண்ணு இப்படிச் சிவப்பா கரையாது சார். தெள்ளுப்பூச்சியோட கழிவு. குடிச்ச ரத்தம்தான் இப்படி வருது. தெள்ளு கடிச்சு அரிச்சிருக்கு, சொறிஞ்சதுல தோல் கெட்டிருக்கு, அதுல கிருமி பூந்திருக்கு."

நான்கு மாதமாக அவர் அந்த மண்ணைத் திட்டிக்கொண்டே பெருக்கியிருந்தார்.

பிறகு வட்டத்தின் ஓரத்தில் உரிந்திருந்த தோலை லேசாகத் தூக்கி, அடியில் ஒரு கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்தாள். அதை மூன்று குப்பிகளில் மாற்றி மாற்றி முக்கி, கழுவி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இன்னொரு இடத்தில் பிளேடால் சுரண்டி உண்ணிவகை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். முடியையும் பிடுங்கிப் பார்த்தாள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆனது. அரை மணி நேரத்தில் கடையில் இருபது பேரை அனுப்பியிருப்போமே என்று ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார் அரை டாக்டர்.

"வந்து பாருங்க சார்."

பார்த்தார். பார்க்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மாற்றினார், தன் இமைமுடி தெரிந்தது. மூன்றாவது தடவை, கொத்துக்கொத்தாக நீலப் புள்ளிகள் தெரிந்தன.

"அந்தப் புள்ளியெல்லாம் பாக்டீரியா. பக்கத்துல பெருசா இருக்கறது அதோட சண்டைக்கு வந்த வெள்ளணு. சீழ்க்கொப்புளம் ஒடைஞ்சா ஓரம் இப்படித்தான் வட்டமா உரியும். பாக்கறதுக்கு படர்தாமரை மாதிரியே இருக்கும். அதனாலதான் கண்ணால பாத்து சொல்லக்கூடாது. முடில பூஞ்சை தெரியல, எதுக்கும் ஒரு சாம்பிள் அனுப்பி வெக்கறேன். இதுக்கு முன்னாடி மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"லேசா ஒரு கிரீம்" என்றவர் பெயரைச் சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதுல ஸ்டீராய்டு இருக்கு சார். அரிப்பும் சிவப்பும் அடங்கும், உள்ள கிருமி நிம்மதியா வளரும். மாத்திரை?"

"அஞ்சு நாள் குடுத்தேன். சரியாயிட்டுது. நிறுத்திட்டேன்."

"எத்தன தடவ?"

"நாலு."

"இப்படி விட்டு விட்டு குடுத்தா சாகறதுக்குன்னு இருக்கற கிருமி மட்டும்தான் சாகும். முரட்டுக் கிருமி மிஞ்சிடும். யாரு சார் உங்களுக்கு இதெல்லாம் குடுத்தது?"

அரை டாக்டர் ஒரு கணம் யோசித்தார்.

"எங்க தெரு மருந்துக்கடைல ஒருத்தன் இருக்கான், டாக்டர்."

"இனிமே அந்தாள்கிட்ட எதுவும் வாங்காதீங்க."

"இல்ல டாக்டர். மோசமான ஆளு."

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தது. அது மட்டும் வாய் திறந்து பேசியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து, இது குழந்தைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டார். வழக்கமாக ஒட்டாது, நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தையின் முகத்தை நக்க விடாதீர்கள், அவ்வளவுதான் என்றாள். அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அனுப்பிய சோதனை முடிவு ஐந்து நாளில் வந்தது. எந்தெந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று ஒரு பட்டியல். அவர் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைக்கும் நேராக, பயனில்லை என்று இருந்தது. நல்லவேளையாகப் புண் மேல்தோலோடு நின்றிருந்ததால் மாத்திரையே வேண்டாம் என்றாள் டாக்டர். தெள்ளுக்கு மருந்து, நாய் படுக்கும் விரிப்பை வெந்நீரில் அலசுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் கிருமிநாசினி ஷாம்பு. ஷாம்பு போட்டு நுரையோடு பத்து நிமிஷம் நிற்க வேண்டும், கடிகாரம் பார்த்து. கிரீம் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு அதற்குமுன் தெரியாது. பின்பக்கத்துக் குழாயடியில் நாயும் அவரும் நுரையோடு நிற்பார்கள். கழுத்தில் தேய்த்து முடித்து, ஒருமணி நேரம் ஆகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். முதல் நாள் எட்டாவது நிமிஷத்தில் போதும் என்று தண்ணீர் ஊற்றிவிட்டார். ஊற்றியபிறகு பயம் வந்து, மறுபடி முதலிலிருந்து ஷாம்பு போட்டுப் பத்து நிமிஷம் நின்றார். மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.

மனைவி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஷாம்பு என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டால் நாய் தப்பித்துவிடும், அது அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு, நான் சொன்னது தப்பு என்று ஆரம்பிக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியிலிருந்த ஆளே நம்பாத மாதிரி முழித்தான். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்.

மூன்றாவது வாரம் புதுப் பொரி எதுவும் வரவில்லை. வட்டங்களில் பொடிமுடி முளைத்திருந்தது. பூஞ்சை சோதனையும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. டாக்டர் மறுபடி கண்ணாடித் துண்டை ஒற்றிப் பார்த்தாள். புள்ளி குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது, பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், நான் சொல்லும்வரை செய்யுங்கள் என்றாள். அவர் பரம சாதுவாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டார். பத்தரை மணிக்கு மேனேஜருக்கு நுரை போட்டுவிட்டு நின்றார். பதினோரு மணிக்கு லாரி. மனைவி மேனேஜரின் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். மூட்டை கட்டிவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

"ஒரு நிமிஷம். இது படர்தாமரை இல்ல."

"நீங்கதான சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

"நீங்களா? தப்பாவா?" என்றாள் அவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "இருபத்தாறு வருஷ அனுபவமாச்சே."

அவர் மைக்ராஸ்கோப்பைச் சொன்னார், நீலப் புள்ளியைச் சொன்னார், சோதனை முடிவைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"யாரோ சின்னப் பொண்ணு சொல்றத நம்பறதா, உங்கள நம்பறதா? நாய அனுப்ப மனசு வராம ஏதோ சொல்றீங்க."

"என்னைய நம்பாத" என்றார் அரை டாக்டர்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. நுரைக்கையோடு நின்றபடி தன் வண்டவாளத்தையெல்லாம் தானே தண்டவாளத்தில் ஏற்றினார். அவள் முட்டிவலிக்குக் கொடுத்த ஜெல் குருட்டாம்போக்கில் எடுத்தது. மகள் பன்னிரண்டு வயதில் மாசக்கணக்காக இருமியபோது தூசி ஒத்துக்கவில்லை என்று சொன்னது வாய்க்கு வந்ததைச் சொன்னது. அவள் அண்ணனுக்கு முதுகில் எரிகிறது என்றபோது வாயு என்று சொல்லி மருந்து கொடுத்தனுப்பினார், மறுநாள் அங்கே அக்கி கொப்புளித்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அந்தத் தெருவழியாகவே போகவில்லை. எல்லாருக்கும் எப்படியோ சரியாகிப் போனது, அது தன் மருந்தால்தான் என்று தானும் நம்பிவிட்டார்.

மனைவி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"இப்போதைக்கு ஞாபகம் வர்றது இவ்வளவுதான்."

"எல்லாம் தெரியும். என் முட்டிக்கு ஆறு மாசம் டாக்டர்கிட்ட போனேன். நீங்க கடைக்குப் போன பின்னாடிதான். உங்க ஜெல்லு பீரோ மேல மூடி தொறக்காம கெடக்கு. நம்ம பொண்ணுக்கு வந்தது மூச்சிரைப்பு. அன்னிக்கு சாயங்காலமே கூட்டிட்டுப் போயிட்டேன். இழுக்கற மருந்த புஸ்தகப் பையில வெச்சிருந்தா. அண்ணன் உங்க கடையிலேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனாரு."

அரை டாக்டர் நுரைக்கையைச் சட்டையில் துடைத்தார்.

"யாருமே என்கிட்ட சொல்லலையே."

"சரியாயிட்டுதுன்னு சொன்னா உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் வருமே. அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

"அப்ப இத மட்டும் ஏன் நம்பின? லாரி வரப்போகுது."

"எந்த லாரி? அண்ணனுக்கு நான் போனே பண்ணல. டாக்டர்கிட்ட காட்டலாம்னு நல்லபடியா சொன்னதுக்கு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தீங்க. வேற எப்படி உங்கள அனுப்பறது? நீங்க போனதும் தெரியும். சட்டைப் பையில மருந்துச்சீட்ட வெச்சுட்டு தொவைக்கப் போட்டா எனக்குத் தெரியாதா? விரிப்ப வெந்நீர்ல அலசச் சொல்லி அதுலதான எழுதியிருக்கு. அதான் எடுத்துட்டு வந்தேன்."

அவர் அசடு வழிந்தார். சிரிக்கவும் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குக் காலு இருந்துது, உங்களுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட நடந்து போயிட்டோம். இது எங்கங்க போகும்? இந்த வீட்ல நீங்க குடுத்த மருந்தத் தின்னது இது ஒண்ணுதான்."

அவள் விரிப்போடு எழுந்து உள்ளே போய்விட்டாள். அரை டாக்டர் பாதியாக உடைத்த அந்தக் கசப்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார், நான்கு மாதத்தில் மேனேஜர் ஒன்றைக்கூடத் துப்பியதில்லை. கையையும் நக்கிவிட்டுத்தான் போகும். வெட்கமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது. கடிகாரத்தில் இன்னும் நான்கு நிமிஷம் பாக்கி இருந்தது. அவர் ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, நுரை காய்ந்துவிடாமல் வயிற்றுப் பக்கம் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.